குடைக்குள் வந்த சாட்சி

அன்புள்ள டீச்சர்,

போன கிழமை பிலிமத்தலாவை வீட்டில், நானே கழுவிவிட்ட படியில் நானே சறுக்கி விழுந்தேன். வலது மணிக்கட்டு பூரிபோல் உப்பிவிட்டது. ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். ஓர் இளம் டொக்டர் படத்தை வெளிச்சத்தில் மாட்டி, "முறிவு இல்லம்மா, சின்ன வெடிப்புதான்" என்றார். நான் படத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டேன். ஏன் சிரிக்கிறீர்கள் என்று கேட்டார். "இந்தக் கைய எனக்கு ரொம்ப நாளாத் தெரியும் டொக்டர். முதல்ல ஒரு வௌவால்கிட்டதான் பாத்தேன்" என்றேன். அதற்குப் பிறகு, விழுந்தபோது தலையிலும் அடிபட்டதா என்று அவர் திரும்பத் திரும்ப விசாரித்தார்.

வீட்டுக்கு வந்ததும் உங்களிடம் சொல்ல வேண்டும் என்று போனைத் தேடினேன். நீங்கள் போய் வருடம் ஒன்றாகப் போகிறது, இன்னும் இந்தப் பழக்கம் விடவில்லை. சரி, எழுதியாவது சொல்வோம் என்று உட்கார்ந்தேன். இடது கையால் எழுதுகிறேன், எழுத்து கோணல்மாணலாகத்தான் இருக்கும். ஆனால் உங்கள் வலது கை எழுத்தைவிட இது ஒன்றும் மோசமில்லை.

கலஹாவுக்கு மேலே, தேயிலைத் தோட்டத்துக்கு நடுவில் இருந்த அந்தப் பள்ளிக்கூடத்துக்கு நீங்கள் யாழ்ப்பாணத்திலிருந்து உயிரியல் படிப்பிக்க வந்தீர்கள். நான் கண்டி டவுன் துணிக்கடைக்காரர் மகள், இந்து சமயம் படிப்பிக்க வந்தவள். இரண்டு கல்யாணமாகாத பெண்கள் என்று அதிபர் ஒரே குவாட்டர்ஸைக் கொடுத்துவிட்டார். இரண்டு கட்டில், ஒரு அலுமாரி, சமைக்க ஒரு குசினி. நான் முட்டைகூடத் தொடாத சைவம். நீங்களோ கோழி தின்றுவிட்டு எலும்பை எறியாமல் கழுவிக் காயவைக்கிற ஆள். ஜன்னலில் என் துளசிச் செடிக்குப் பக்கத்தில் உங்கள் கோழிச் செட்டை எலும்புகள் வெயில் காயும். இதற்காக நாம் எத்தனை தடவை சண்டை போட்டிருப்போம். கடைசிவரை ஒருவரை ஒருவர் பெயர் சொல்லிக் கூப்பிட்டதுமில்லை. நீங்களும் டீச்சர், நானும் டீச்சர். கோபம் வந்தால் மட்டும் நான் "மிஸ்" என்பேன், உடனே எலும்புகள் ஜன்னலிலிருந்து இறங்கிவிடும்.

உயர்தர வகுப்புக்கு நீங்கள் கூர்ப்பு படிப்பிக்கத் தொடங்கிய வருடம்தான் எல்லாம் நடந்தது. உயிர்கள் ஒன்றிலிருந்து ஒன்று மாறி மாறி வந்தன என்ற பாடம் அது. "புத்தகத்திலதான் எல்லாம் இருக்கே, பாடமாக்கச் சொல்லுங்களேன்" என்றேன் நான். "நம்பு எண்டு சொல்லிக் குடுக்கிறது உம்மட பாடம். பாத்திட்டு நம்பு எண்டுறது என்ர பாடம்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் அன்றைக்கும் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்தது நீங்கள்தான், அதனால் பொறுத்துக்கொண்டேன்.

அந்தச் சனிக்கிழமை ஞாபகம் இருக்கிறதா? கண்டியில் சாமான் வாங்கிவிட்டு, பஸ் மாறப் பேராதனையில் இறங்கினோம். பூந்தோட்டத்து மரங்களில் பெரிய வௌவால்கள் வழக்கம்போல் தலைகீழாகத் தொங்கிச் சண்டை பிடித்துக்கொண்டிருந்தன. ஒன்று கரண்ட் கம்பியில் பட்டுச் செத்து வேலியோரம் கிடந்தது. நான் சேலைத் தலைப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு விலகினேன். நீங்கள் பக்கத்தில் குந்திப் பார்த்து, "ஆள் புதுசு. இன்னும் மணக்கேல்லை" என்றீர்கள். நகைக்கடையில் நிற்கிற பெண்களின் முகத்தில்கூட அப்படி ஒரு சந்தோசத்தை நான் கண்டதில்லை. நான் பஸ் வருகிறதா என்று பார்க்கப் போய்விட்டேன்.

பிறகு பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து அமைதியாக உட்கார்ந்தீர்கள். மடியில் மரக்கறிப் பை, கையில் உங்கள் அப்பாவின் பழைய பெரிய குடை. வௌவாலை விட்டுவிட்டு வந்தீர்கள் என்று நான் சந்தோசப்பட்டேன். கலஹாவில் இறங்கியபோது மழை கொட்டியது.

"குடைய விரிங்க டீச்சர், நனையிறோம்" என்றேன்.

"ஏலாது."

"ஏன், கம்பி உடைஞ்சிருச்சா?"

"இல்லை. உள்ளுக்கு ஆள் இருக்கு."

குவாட்டர்ஸ் வரைக்கும் ஏற்றத்தில் நான் உங்களோடு ஒரு வார்த்தை பேசவில்லை. "மிஸ்" என்றுகூடச் சொல்லவில்லை. அரிசி நனைந்தது, சீனி கரைந்தது, நாம் இருவரும் தெப்பமாய் நனைந்தோம். வௌவால் மட்டும் காய்ந்தபடி வந்து சேர்ந்தது.

அடுத்த நாள் பின்வளவில் மூன்று கல் கூட்டி, பழைய பிஸ்கட் தகரத்தில் சலவைச் சோடா போட்டு அதை அவித்தீர்கள். அந்த வாடை கீழே தோட்டத் தொழிலாளர்களின் லயம் வரைக்கும் போனது. விளைவை அனுபவித்தவள் நான். தோட்டத்தில் இழுப்பு நோய்க்கு வௌவால் கறிதான் கைகண்ட மருந்து என்பார்கள். உங்களுக்கு மூச்சு நன்றாகத்தான் இருந்தது, மேடேறினால் மூச்சு வாங்குகிறவள் நான்தான். ஆகவே நோயாளி யார் என்று அவர்களே முடிவு செய்துவிட்டார்கள். அந்தியில் லயத்துப் பெண்கள் சிலர் தேன் போத்தலோடு வந்து நின்றார்கள்.

"டீச்சர், ஒங்களுக்கு இழுப்புன்னு ஒரு வார்த்த சொல்லலியே. மருந்துக்குத் திங்கிறது பாவமில்ல."

"ஐயோ, நான் சைவம்மா. அது பாடத்துக்கு அவிச்சது."

"ஆமாங்க டீச்சர், ஆமா. நாங்க வெளிய சொல்ல மாட்டோம்."

நீங்கள் கதவுக்குப் பின்னால் நின்று சிரித்த சிரிப்பில் உங்களுக்கே இருமல் வந்துவிட்டது. அதைக் கேட்டு, "நோவு அந்த டீச்சருக்கும் தொத்திக்கிச்சி" என்று பேசிக்கொண்டே அவர்கள் இறங்கிப் போனார்கள்.

எலும்புகள் வெளுத்துக் காய்ந்த பிறகு, கறுப்புத் துணி விரித்து அதன்மேல் ஒவ்வொன்றாக அடுக்கி என்னைக் கூப்பிட்டீர்கள். ஏச வேண்டும் என்றே வந்தேன். மேற்கைக்கு ஒரு எலும்பு. முன்கைக்கு இரண்டு, அதில் ஒன்று மெலிந்து மற்றதோடு ஒட்டியிருந்தது. மணிக்கட்டில் பொடிப்பொடி எலும்புகள். பிறகு நகம் வைத்த குட்டிப் பெருவிரல், அதற்கப்பால் ஈர்க்குப் போல நீண்ட நான்கு விரல்கள். சிறகு என்று நான் நினைத்திருந்தது ஒரு கை. ஏச வந்ததை மறந்து என் கையைக் கொண்டுபோய் அதற்குப் பக்கத்தில் வைத்தேன்.

நீங்கள் கோழிச் செட்டையை எடுத்து வைத்தீர்கள். பள்ளிக்கூட வாசலில் லொறியில் அடிபட்ட நாயின் முன்னங்காலையும் எப்போதோ பத்திரப்படுத்தி வைத்திருந்திருக்கிறீர்கள், அதுவும் வந்தது. என் கட்டிலுக்குக் கீழே இருந்த பெட்டியிலிருந்து வந்தது என்பதை அப்போதுதான் கண்டுகொண்டேன்.

"இது பறக்கிறதுக்கு, இது ஓடுறதுக்கு, உம்மடது எழுதுறதுக்கு. வேலை வேற வேற. பிறகேன் எல்லாத்திலயும் ஒரே எலும்பு வரிசை? ஒவ்வொண்டையும் தனித்தனிய யோசிச்சுச் செய்திருந்தா இப்பிடி வராது. ஒரு பழைய கை. எல்லாரும் அதைத் தங்கட தங்கட வேலைக்குத் திருத்தி எடுத்திருக்கினம்."

இது ஒன்று போதுமா என்று கேட்டேன். போதாது என்றீர்கள். மண்ணுக்கடியில் கிடைக்கும் பழைய எலும்புகள், ஆழத்துக்கு ஆழம் எப்படி மாறுகின்றன என்று சொன்னீர்கள். கருவில் இருக்கும் பிள்ளைக்கும் கொஞ்ச நாள் வால் இருந்து மறைகிறது என்றீர்கள். "ஒரு சாட்சி பொய் சொல்லலாம் டீச்சர். ஆளை ஆள் தெரியாத இத்தினை சாட்சி வந்து ஒரே கதையைச் சொன்னா?" அன்றிரவு சோறு பிசையும்போது என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

பள்ளிக்கூடக் கண்காட்சிக்கு இதையே வைப்பது என்று தீர்மானித்தீர்கள். அதிபருக்கும் பிடித்துத்தான் இருந்தது. பாவம், அவர் அப்போது படியில் வழுக்கி உட்கார்ந்து, கதிரையில் தலையணை போட்டுக்கொண்டு நிர்வாகம் நடத்திக்கொண்டிருந்தார். "சேர், உங்களுக்கு நோகிறது வால் இருந்த இடம். அதுவும் ஒரு சாட்சிதான், கண்காட்சிக்கு வருவீங்களோ?" என்று நீங்கள் கேட்டதை அவர் ஓய்வு பெறும் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார்.

சிரிக்காமல் வந்தவர் ராமையா மட்டும்தான். தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிறவர், கோயில் கமிட்டியில் ஒருவர், உங்கள் வகுப்பில் முதலாவதாக வரும் கலைவாணியின் அப்பா. வேலை விட்டுக் கத்தியோடு நேரே குவாட்டர்ஸுக்கு வந்தார். கதிரை போட்டோம், உட்காரவில்லை.

"டீச்சர், மனுசன் கொரங்குலேருந்து வந்தான்னு எம்புள்ள கொப்பியில எழுதியிருக்கு. நீங்கதான் சொல்லிக் குடுத்தீங்களாம்."

நீங்கள் ஏதோ சொல்ல வாயெடுத்தீர்கள். அவர் விடவில்லை.

"தோட்டத்து ஆளுன்னா எங்கள கொரங்குன்னு சொல்ல ஆளா இல்ல? பஸ்ஸுல சொல்றான். கந்தோருல கையெழுத்து வாங்கப் போனா சொல்றான். அந்தப் பேரு எம்புள்ள காலத்துல ஒழியணும்னுதான் படிக்க அனுப்புறேன். பள்ளிக்கூடத்துலயே அத எழுதிக் குடுத்தா நான் எங்க போயிச் சொல்றது? இனி அவளுக்கு இந்தப் பாடம் வேணாம். கலைப் பிரிவுல போட்டுருங்க."

குரல் உயரவில்லை. சமயத்துக்காகச் சண்டை பிடிக்க வருகிறார் என்று நான் நினைத்திருந்தேன். வந்தது சமயமே இல்லை. அவர் போன பிறகு நீங்கள் வெகுநேரம் வாசல் கட்டையிலேயே இருந்தீர்கள். அந்தப் பிள்ளைக்கு உயிரியல் என்றால் உயிர், அதை விட்டால் படிப்பையே விட்டுவிடுவாள் என்று உங்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

எனக்குச் சுலபமான வழி ஒன்று தோன்றியது. மீன், ஆமை, பன்றி என்று வரும் தசாவதாரப் படம் ஒன்றை உங்கள் மேசைக்கு முன்னால் மாட்டிவிடலாம். நம் சமயமே இதைத்தான் சொல்கிறது என்று நான் ஒரு பேச்சுப் பேசினால் கமிட்டியும் அடங்கும், ராமையாவும் அடங்குவார். அதிபர் கையெடுத்துக் கும்பிட்டு இந்த யோசனையை வரவேற்றார். நீங்கள் ஒரேயடியாக மறுத்துவிட்டீர்கள்.

"படம் வடிவுதான். ஆனா அது சாட்சி இல்லை. கீறினவர் எலும்பை எண்ணிப் பாத்துக் கீறேல்லை."

"மிஸ், ஒரு புள்ளையோட படிப்பு போகப்போகுது. இப்ப இந்தப் பிடிவாதம் வேணுமா?"

"உம்மட சாமியை என்ர வழக்குக்குச் சாட்சிக் கூண்டில ஏத்தாதையும் டீச்சர். நாளைக்கு நான் சொன்னதில ஒண்டு பிழையெண்டு வந்தா, சாமியும் பிழையெண்டு போகும். அது உமக்குச் சம்மதமோ?"

என் சாமியிடம் அன்றைக்கு என்னைவிட நீங்கள்தான் மரியாதையாக நடந்துகொண்டீர்கள் என்று பிறகுதான் உறைத்தது. அதோடு ராமையா, சாமியைக் கேட்டு வரவில்லையே. அவருக்கு வேண்டியிருந்தது வேறு.

அதனால் நானே லயத்துக்கு இறங்கிப் போனேன். தேன் கொண்டுவந்த பெண்கள் வழியெல்லாம் சுகம் விசாரித்தார்கள். ராமையாவிடம் தத்துவம் எதுவும் பேசவில்லை. "கலைப் பிரிவுக்கு மாத்துறது உங்க இஷ்டம். ஆனா அந்த டீச்சர் என்ன வெச்சிருக்காங்கன்னு வந்து ஒரு தடவ பாத்துட்டு மாத்துங்க" என்றேன். அவர் கத்தியைத் தீட்டுவதை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டார்.

வந்தார். கோயிலுக்குப் போகிற வெள்ளைச் சட்டையோடு வந்தார். உங்கள் மேசையில் வௌவால், நாய், கோழி எல்லாம் வரிசையாக இருந்தன. நடுவில் ஓரிடத்தை வெறுமையாக விட்டு, "உங்கள் கையை இங்கே வையுங்கள்" என்று எழுதி வைத்திருந்தீர்கள். கலைவாணி அப்பாவைக் கண்டதும் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டாள்.

"வாங்கோ. கையை வையுங்கோ" என்றீர்கள்.

வைத்தார். கவ்வாத்துக் கத்தி வெட்டிய தழும்புகள் உள்ள கை. நீங்கள் ஒரு ஈர்க்கால் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, வௌவாலின் அதே விரலைக் காட்டினீர்கள். பிறகு நாய், பிறகு கோழி. அவர் கொஞ்சம் கொஞ்சமாகக் குனிந்தார். கடைசியில் அவர் கேட்டது நாம் யாரும் எதிர்பாராதது.

"தோட்டத்துத் தொர கையிலயும் இதே எலும்புதானா?"

"ஓம். அதே எலும்புதான்."

"மந்திரிக்கு?"

"அவருக்கும் ஒண்டும் கூடக் குடுக்கேல்லை."

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. "இன்னொண்டு சொல்லுறன், கேளுங்கோ. குரங்கு எங்களுக்கு அப்பன் இல்லை. சொந்தம். அதுக்கும் எங்களுக்கும் வெகு காலத்துக்கு முந்தி ஒரே பூட்டன். அந்தச் சொந்தம் உங்களுக்கு எவ்வளவு கிட்டவோ, உங்களைக் குரங்கெண்டு சொல்லுறவனுக்கும் அவ்வளவு கிட்ட. ஒரு விரல்கடை கூடவும் இல்லை, குறையவும் இல்லை."

ராமையா நிமிர்ந்தார். அந்த முகத்தில் சிரிப்பு மெதுவாகத்தான் வந்தது. "அப்ப பஸ்ஸுல அவன் சொன்னது அவனுக்கும் சேத்துத்தான்" என்றார்.

"அவன்ர அப்பாவுக்கும் சேத்து" என்றீர்கள்.

அவர் உங்கள் கட்சிக்கு வந்துவிடவில்லை. "எல்லாத்தையும் சாமிதான் படச்சதுன்னு நான் சொல்வேன் டீச்சர். ஆனா ஒரே அச்சுலதான் படச்சிருக்கு. அத நான் கண்ணால பாத்துட்டேன்" என்றார். நீங்கள் அதற்கு மேல் வாதாடவில்லை. போகும்போது அவர் மகளைப் பார்த்து, "அந்தப் பாடத்தையே படி" என்று மட்டும் சொன்னார். நீங்கள் மேசைத் துணியைச் சரிசெய்கிறவர்போல் குனிந்து கண்ணைத் துடைத்ததை நான் பார்த்தேன். அன்றைக்குக் கேலி செய்யாமல் விட்டேன், இப்போது செய்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடிய நான் வாசல் தெளித்துக் கோலம் போட்டுவிட்டு உள்ளே போய் வருவதற்குள், கோலத்தின் நடுவில் வாழை இலையில் சுற்றிய ஒரு பொதி. பிரித்தால் காட்டுப்பன்றியின் முன்னங்கால். "டீச்சர், இதுவும் சொந்தமான்னு பாருங்க" என்று ராமையா சொல்லி அனுப்பியிருந்தார். அதோடு பழக்கமாகிவிட்டது. முள்ளம்பன்றி வந்தது, மரநாய் வந்தது, யாரோ ஓர் ஆமையின் ஓட்டைக் கொண்டுவந்து வைத்தார்கள். கண்டி டவுன் சைவக் குடும்பத்தில் பிறந்த என் வாசல் எலும்புக் கிடங்காகியது. நான் ஏசிக்கொண்டே அவற்றுக்குச் சோடா வாங்கி வந்தேன்.

பிறகு உங்களுக்கு யாழ்ப்பாணத்துக்கு மாற்றம் வந்தது. எனக்குக் கல்யாணம் வந்தது. போனில் மட்டும் டீச்சர், டீச்சர் என்று கூப்பிட்டுக்கொண்டு கிழவிகளானோம். போன வருடம் உங்கள் தங்கச்சி அழைத்தபோது, குரலைக் கேட்டதுமே தெரிந்துவிட்டது. நான் சத்தம் போட்டு அழுதேன். அவ்வளவு தூரம் பஸ்ஸில் வர என் முழங்கால் விடவில்லை, அந்தக் கவலை இன்னும் தீரவில்லை. கலஹாவுக்குத்தான் போக முடிந்தது. ராமையாவிடம் யாராவது நேரில் சொல்ல வேண்டுமே.

அவர் இப்போது நன்றாகக் கூனிவிட்டார். செய்தியைக் கேட்டதும் தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு, "டீச்சருக்குப் புள்ளகுட்டி இல்லியே. பதினாறாம் நாளு நாமளும் இங்க ஒரு பிடி சோறு வெப்போம்" என்றார். பதினாறாம் நாள் நான் மறுபடியும் போனேன், கலைவாணியும் லீவு போட்டு வந்திருந்தாள். அவள் இப்போது உயிரியல்தான் படிப்பிக்கிறாள், உங்களைப் போலவே கோணல் எழுத்து. உங்களுக்குப் பிடித்த கத்தரிக்காய்க் குழம்பு வைத்து, மதிலில் இலை போட்டு, காகத்தைக் கூப்பிட்டோம். ஒரு காகமும் வரவில்லை. பலாமரத்திலிருந்து காது கிழிந்த கிழட்டுக் குரங்கு ஒன்று இறங்கி வந்து, இலைக்கு முன்னால் சம்மணம் போடாத குறையாக உட்கார்ந்தது.

அங்கே குரங்கென்றால் தோட்டக் காய்கறிக்கு எமன். ராமையாவின் கையில் கல் ஏற்கனவே வந்துவிட்டது. சடங்கு கெட்டதே என்று நான் அதை விரட்ட எழுந்தேன். குரங்கு ஒரு கத்தரிக்காயை எடுத்து, அதை விரல்களுக்கிடையில் திருப்பித் திருப்பிப் பார்த்தது. அவரும் அந்த விரல்களையே பார்த்தார். பிறகு கல்லைக் கீழே போட்டார்.

"விடுங்க டீச்சர், திங்கட்டும். காக்காய விட இதுதான் அவங்களுக்குக் கிட்டத்துச் சொந்தம்."

முதலில் சிரித்தவள் கலைவாணி. பிறகு நான். அழுதுகொண்டேதான் சிரித்தேன். இறந்தவருக்கு வைத்த சோற்றைக் குரங்கு தின்றால் என்ன பலன் என்று நான் படித்த எந்தச் சமயப் புத்தகத்திலும் இல்லை. ஆனாலும் அன்றைக்கு அந்தச் சோறு உங்களுக்கு வந்து சேர்ந்தது, டீச்சர். அதை நான் நம்புகிறேன். இதற்கு மட்டும் என்னிடம் சாட்சி கேட்காதீர்கள்.